பூச்சியைக் கொன்றால் பூச்சி பெருகுமா?



செடியில் பூச்சி விழுந்தால் மருந்தடிக்க வேண்டும். மருந்தடித்தால் பூச்சி சாகும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும் முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு வெளிக்காட்டுக்குப் போகும் நம் தாய்மார்கள் கண்ணால் கண்ட உண்மை இது. ஆனால், மருந்தடித்ததனால்தான் பூச்சி பெருகிவிட்டது, மருந்தை நிறுத்தினால் பூச்சி குறையும் என்று ஒருவர் வந்து சொன்னால் நாம் என்ன செய்வோம்? இவருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

அப்படி ஒருவர் சொன்னார். வேறு எங்கோ அன்று, நம் நாட்டின் சபா மாநிலத்தில்தான். சொன்னபோது அவருக்கு வயது இருபத்து மூன்றுதான். அவர் பெயர் கோர்டன் கான்வே. பின்னாளில் பேராசிரியராகவும் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் உலகப் புகழ் பெற்ற அறநிறுவனம் ஒன்றின் தலைவராகவும் விளங்கியவர். அத்தனைக்கும் அடித்தளம் போட்டது சபாவின் கொக்கோத் தோட்டத்தில் அவர் கண்ட புழுக்களும் குளவிகளுமே. அவருடைய கதையையும், அவரைப் போலவே வயலில் சிலந்திகளை எண்ணிய இன்னொருவரின் கதையையும் இன்று பார்ப்போம்.

கான்வே 1938ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தார். வேல்ஸ் நாட்டில் பாங்கர் என்னும் ஊரிலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் விலங்கியல் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் வேளாண்மை படித்தார். அதன்பின் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடுக்குச் சென்று வெப்பநாட்டு விவசாயத்தில் பயிற்சி பெற்றார். 1961ஆம் ஆண்டு அவர் சபாவுக்கு வந்து சேர்ந்தபோது அந்நிலத்துக்குப் பிரிட்டிஷ் வட போர்னியோ என்று பெயர். 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் அது மலேசியாவோடு இணைந்தது. விவசாய இலாகாவில் பூச்சியியல் அதிகாரி என்பதே அவருக்குக் கிடைத்த வேலை.

அந்தக் காலத்தில் தாவாவ் வட்டாரத்தில் பெருங்காட்டை வெட்டிக் கொக்கோ நட்டிருந்தார்கள். காட்டை அழித்த புதிய நிலம். சுற்றிலும் மிச்சக் காடு. இளங்கன்றுகள் வளர்ந்து வரும்போதே புழுக்கள் வந்துவிட்டன. கிளைக்குள் துளைத்துக்கொண்டு போகும் ஒரு புழு. அடிமரத்துப் பட்டையைச் சுற்றி வளையம் போல் அரித்து மரத்தையே சாகடிக்கும் இன்னொரு புழு. இலையைத் தின்னும் புழுக்கள் வேறு. தோட்ட நிர்வாகங்கள் சும்மா இருக்குமா? டி.டி.டி., என்ட்ரின், டைல்ட்ரின் என்று அன்று கிடைத்த கடுமையான மருந்துகளையெல்லாம் அடித்தன. ஒரு மருந்து போதவில்லை என்றால் இன்னொன்று. இரண்டும் போதவில்லை என்றால் கூடுதல் அளவு. இப்படித் தோட்டம் முழுவதும் நனைய நனைய அடித்தார்கள்.

பலன் என்ன? 1961ஆம் ஆண்டில் பூச்சித் தொல்லை முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியது. கிளைத் துளைப்பான் பெருகியது. அதற்குப் பின் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி பெருகியது. அதற்கும் பின்னால் பைப்புழு வந்தது. செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பைப்புழுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலைத் துணுக்குகளால் தன்னைச் சுற்றி ஒரு பையைத் தைத்துக்கொண்டு, அந்தப் பையோடு தொங்குகிறதே, மலாய் மொழியில் உலாட் புங்குஸ் என்கிறார்களே, அதே இனம்தான்.

இந்த நிலையில்தான் இளைஞர் கான்வே தோட்டத்துக்குள் வருகிறார். அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பார்த்ததுதான். எந்தப் புழு எந்த மரத்தில் இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எப்போது வந்தது, மருந்தடிக்கும் முன் எப்படி இருந்தது, அடித்த பின் எப்படி ஆயிற்று என்று பார்த்தார், எண்ணினார், எழுதினார். புழுக்களைக் கொண்டுவந்து வளர்த்தும் பார்த்தார். அப்படி வளர்க்கும்போது சில புழுக்கள் அந்துப்பூச்சியாக மாறுவதில்லை. புழு செத்துப்போகிறது, அதன் உடம்புக்குள்ளிருந்து மெல்லிய சிறிய குளவி வெளியே வருகிறது. தாய்க்குளவி புழுவின் உடம்பில் முட்டையிட்டிருக்கிறது. குஞ்சுகள் புழுவைத் தின்று வளர்ந்திருக்கின்றன. நம் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவி புழுவைக் கவ்விக்கொண்டு போவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்தக் குலத்துக்குச் சொந்தமானவைதான் இவையும். ஆனால் எறும்பின் அளவுகூட இல்லாதவை பல.

இப்போது கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவோம். இது நாமே விளக்கத்துக்காகப் போடும் கணக்கு. ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு அந்துப்பூச்சிகள் இருக்கின்றன. பெண் 200 முட்டையிடுகிறது. அந்த இருநூற்றில் குளவிக்கும் சிலந்திக்கும் எறும்புக்கும் பறவைக்கும் நோய்க்கும் போனது போக இரண்டே இரண்டு பிழைத்து வளர்கின்றன. தாயும் தகப்பனும் போய் இரண்டு பிள்ளைகள். தொகை கூடவில்லை, குறையவுமில்லை. தோட்டக்காரர் அந்தப் பூச்சி இருப்பதையே கவனிக்க மாட்டார். சரி, இப்போது மருந்தடித்துவிட்டோம். பூச்சிகளில் பெரும்பாலானவை செத்தன. குளவியும் சிலந்தியும் அதைவிட அதிகமாகச் செத்தன. மிஞ்சிய இரண்டு பூச்சிகள் மீண்டும் 200 முட்டையிடுகின்றன. தின்பதற்கு ஆளில்லை. இரண்டுக்குப் பதில் இருபது பிழைக்கின்றன. அடுத்த தலைமுறையில் இருநூறு. அதற்கடுத்த தலைமுறையில் இரண்டாயிரம். மூன்றே தலைமுறையில் ஆயிரம் மடங்கு!

குளவியும் சிலந்தியும் ஏன் அதிகமாகச் சாக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கிளைத் துளைப்பான் மரத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது. பைப்புழுவுக்குப் பையே கவசம். குளவி அப்படியா? இலைமேல் நடந்து நடந்து புழுவைத் தேடுகிறது. இலையில் பூசியிருக்கும் மருந்தெல்லாம் அதன் காலிலும் உடலிலும் ஒட்டுகிறது. மேலும், இரை பெருகிய பிறகுதான் இரை தின்பவை பெருக முடியும். அதற்குள் அடுத்த முறை மருந்து வந்துவிடுகிறது. திருடனைப் பிடிக்கப் போய்க் காவல்காரரைச் சுட்டுவிட்டோம். திருடன் கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறான்.

கான்வே எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். பொது மருந்தடிப்பை நிறுத்த வேண்டும் என்று தோட்டங்களுக்கு ஆலோசனை சொன்னார். சற்று நினைத்துப் பாருங்கள். எதிரே நிற்பது கண்ணுக்கு முன்னே பட்டுப்போகும் மரங்கள். போட்ட பணம் மண்ணாகிவிடுமோ என்று அஞ்சும் நிர்வாகிகள். அவர்கள் முன்னால் நேற்று வந்த இளைஞர் ஒருவர், கையை விடுங்கள் என்கிறார். அவர் சொன்னது தவறாகப் போயிருந்தால் தோட்டமும் போயிருக்கும், அவர் தொழிலும் போயிருக்கும். அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் அம்மையார் பூச்சிமருந்துகளின் தீமையை விளக்கி எழுதிய புகழ்பெற்ற நூல் 1962ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அந்த விவாதம் உலகில் பரவுவதற்கு முன்பே நம் சபாவில் இந்தச் சோதனை நடந்தது.

மருந்து நின்றது. சில மாதங்களில் கிளைத் துளைப்பான் குறையத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தால் புழுக்களின் உடம்பில் குளவிக் குஞ்சுகள். இலை தின்னும் புழுக்களும் அடங்கின. பைப்புழு மட்டும் எளிதில் பணியவில்லை. அதற்குக் கான்வே என்ன செய்தார்? பிடிவாதம் பிடிக்கவில்லை. இலையைக் கடித்துத் தின்னும் புழுவைக் கொன்று, குளவிகளுக்கு அவ்வளவாகக் கேடு செய்யாத ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்து அடிக்கச் செய்தார். பைப்புழு குறைந்தது. மிஞ்சியதை இயற்கை எதிரிகள் பார்த்துக்கொண்டன.

பட்டையை வளையமாக அரிக்கும் புழு ஒன்று சொன்னோமே, அதன் கதை இன்னும் சுவையானது. அது எங்கிருந்து வருகிறது என்று தேடினார். காடு வெட்டிய இடங்களில் தானாக முளைக்கும் திரெமா என்னும் மரம் ஒன்று உண்டு. தீபகற்பத்தில் மலாய்க்காரர்கள் மெங்கிராய் என்று சொல்லும் மரத்தின் இனம். அந்த மரம்தான் இந்தப் புழுவுக்குத் தாய்வீடு. கொக்கோவுக்குள் அங்கங்கே நின்ற இந்த மரங்களை அகற்றச் சொன்னார். கொக்கோ மரத்தில் ஏற்கெனவே துளை போட்டிருந்த புழுவுக்கு, அந்தத் துளையில் மட்டும் கையால் மருந்திட்டார்கள். தோட்டம் முழுவதும் நனைத்தும் தீராத தொல்லை, ஒரு காட்டு மரத்தை வெட்டியதால் தீர்ந்தது.

ஆகவே நேயர்களே, கான்வே மருந்தே கூடாது என்றவர் அல்லர். எங்கே, எப்போது, எவ்வளவு, எதற்கு என்று கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள் என்றவர். இந்த முறைக்கு ஒருங்கிணைந்த பூச்சி நிர்வாகம் என்று இன்று பெயர் சொல்கிறார்கள். அதற்கு உலகில் முதலில் வழிகாட்டிய இடங்களில் நம் சபாவும் ஒன்று என்பதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. அதே சமயம், ஒருமுறை வென்றால் எப்போதும் வென்றதாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1980ஆம் ஆண்டில் காய்க்குள் துளைத்து விதையைக் கெடுக்கும் வேறொரு பூச்சி தாவாவ் பகுதிக் கொக்கோவில் காணப்பட்டது. அது பெரும் நட்டத்தை உண்டாக்கியது. பின்னர்ப் பல தோட்டங்கள் கொக்கோவை விட்டுச் செம்பனைக்கு மாறின. இயற்கையைப் படிக்கும் பாடத்துக்கு முடிவுத் தேர்வு கிடையாது.

1966ஆம் ஆண்டு கான்வே சபாவை விட்டுச் சென்றார். சபாவில் கண்டதைக் கணக்காகவும் கோட்பாடாகவும் ஆக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சேர்ந்து 1969ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கிப் பேராசிரியரானார். தாய்லாந்தின் சியாங்மாய்ப் பல்கலைக்கழக ஆசிரியர்களோடு சேர்ந்து, ஒரு வயலை மட்டும் பார்க்காமல் வயல், ஆறு, கால்நடை, குடும்பம், சந்தை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுமுறையை வகுத்தார். 1989 முதல் 1992 வரை ஃபோர்டு அறநிறுவனத்தின் பிரதிநிதியாகப் புதுடில்லியில் இருந்தார். 1992 முதல் 1998 வரை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1998 முதல் 2004 வரை நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் தலைவர்.

அந்தப் பதவியில் இருந்தபோது 1999ஆம் ஆண்டு நடந்த ஒன்றை மட்டும் சொல்வோம். விளைந்த தானியத்தை எடுத்து மறுமுறை விதைத்தால் முளைக்காதபடி செய்யும் ஒரு தொழில்நுட்பம் பற்றி அப்போது பேச்சு எழுந்தது. ஏழை உழவர் அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்து வைப்பது வழக்கமாயிற்றே! கான்வே மான்சாண்டோ என்னும் பெரிய விதை நிறுவனத்தின் இயக்குநர்கள் முன்னால் போய், இதைக் கைவிடுங்கள் என்று நேரில் சொன்னார். அவ்வாண்டு அக்டோபரில் அந்த நிறுவனம் அதை வணிகத்துக்குக் கொண்டுவரப் போவதில்லை என்று அறிவித்தது. கொக்கோத் தோட்டத்தில் பெரியவர்கள் முன் அச்சமின்றிப் பேசிய அதே வாய்தான் அங்கும் பேசியது. 2023ஆம் ஆண்டு அவர் காலமானார்.

இனி, சிலந்திக்கு வருவோம்.

சிலந்தி பூச்சி அன்று. பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டுக் கால். பூச்சிக்குத் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி. சிலந்திக்கு இரண்டே பகுதி. சிறகு கிடையாது. எல்லாச் சிலந்தியும் வலை கட்டிக் காத்திருப்பதில்லை. ஓடிப் பிடிப்பவை உண்டு, பாய்ந்து பிடிப்பவையும் உண்டு. நெல்வயலில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூர்களுக்கிடையே ஓடியாடி வேட்டையாடும் சிலந்தி ஒன்றுக்கு ஓநாய்ச் சிலந்தி என்று பெயர். நாள் ஒன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சி வரை தின்னக் கூடியது.

1970களில் ஆசிய நாடுகளின் நெல்வயல்களைப் பழுப்புத் தத்துப்பூச்சி என்னும் சிறு பூச்சி அலைக்கழித்தது. தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வயல் தீப்பிடித்ததுபோல் கருகிப்போகும். உழவர்கள் மருந்தடித்தார்கள், அடிக்க அடிக்கக் கருகியது. பீட்டர் கென்மோர் என்னும் அமெரிக்க மாணவர், கலிபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் டாக்டர் பட்டத்துக்காக ஆய்வு செய்ய பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு வந்தார். அங்கே லோஸ் பானோஸ் என்னும் ஊரில்தான் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர் வயல்களில் இறங்கி மருந்தடித்த பாத்தியையும் அடிக்காத பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினார். தத்துப்பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை, மற்ற பூச்சி எத்தனை என்று வாரந்தோறும் எண்ணினார். மருந்தடித்த வயலில் சிலந்தி குறைந்தது. தத்துப்பூச்சியோ அடிக்காத வயலைவிடப் பல நூறு மடங்கு பெருகியது. சபாவின் கொக்கோவில் கான்வே கண்டதையே நெல்வயலில் இவர் எண்ணிக்கையோடு மெய்ப்பித்தார். 1980ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்த நிலையத்திலேயே ஆல்பெர்டோ பாரியன் என்னும் பிலிப்பைன்ஸ் நாட்டு அறிஞர் நெல்வயல் சிலந்திகளை இனம் பிரித்துப் பெயரிடும் பணியில் பல ஆண்டுகள் உழைத்தார். தம் சக ஆய்வாளர் லிட்சிங்கருடன் அவர் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தெற்காசிய, தென்கிழக்காசிய நெல்வயல்களைச் சார்ந்த முந்நூறுக்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பிடி சோற்றுக்குப் பின்னால் எத்தனை சிலந்திகள் காவல் நிற்கின்றன பாருங்கள்!

இந்த ஆராய்ச்சி நூல்நிலைய அலமாரியோடு நின்றுவிடவில்லை. பக்கத்து நாடான இந்தோனேசியா 1984ஆம் ஆண்டு அரிசியில் தன்னிறைவு அடைந்தது. இரண்டே ஆண்டுகளில் தத்துப்பூச்சி அதைக் கலைக்கப் பார்த்தது. அரசாங்கம் அதுவரை பூச்சிமருந்துக்குப் பெருமளவு மானியம் கொடுத்து வந்தது. மலிவாகக் கிடைத்ததால் உழவர்கள் தாராளமாக அடித்தார்கள். 1986ஆம் ஆண்டு நவம்பரில் அதிபர் சுஹார்த்தோ ஓர் ஆணை பிறப்பித்தார். நெல்லுக்குப் பயன்பட்ட 57 வகைப் பூச்சிமருந்துகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அப்படிச் செய்தும் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. 1989 முதல் உழவர் வயல் பள்ளிகள் தொடங்கின. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் சார்பில் கென்மோரும் இதில் முன்னின்றார். வயல் பள்ளி என்றால் என்ன? வரப்புதான் வகுப்பறை. உழவர்கள் வாரம் ஒருமுறை கூடுவார்கள். வயலில் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணுவார்கள். பெரிய தாளில் படம் வரைவார்கள். இந்த வாரம் மருந்து வேண்டுமா, வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்வார்கள். அவர்களில் பலர் அதிகம் படித்தவர்கள் அல்லர். எண்ணத் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா? செம்பனைத் தோட்டத்தின் சாலை ஓரங்களைப் பாருங்கள். பல தோட்டங்களில் மஞ்சள் பூச்செடிகளையும், நடுவில் கருத்த வெளிர்நிறப் பூச்செடியையும், இளஞ்சிவப்புக் கொடிப்பூவையும் வரிசையாக நட்டிருப்பார்கள். அழகுக்கு மட்டும் என்று நாம் நினைப்பதுண்டு. அல்ல. பைப்புழுவைத் தாக்கும் குளவிகளுக்கும் மற்ற நல்ல பூச்சிகளுக்கும் தேன் கொடுக்கத்தான் அந்தப் பூக்கள். செம்பனையிலும் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் கடுமையான மருந்துகளை அடித்த பிறகுதான் பைப்புழு பெருந்தொல்லையாயிற்று. அதை ஆராய்ந்த பி.ஜே. வுட் என்னும் பூச்சியியல் அறிஞர் 1968ஆம் ஆண்டு மலேசியச் செம்பனைப் பூச்சிகளைப் பற்றி நூல் எழுதினார்.

செம்பனைக்கு இன்னொரு பூச்சியும் பெரிய உதவி செய்கிறது. முன்பு செம்பனைப் பூக்களில் நம் பெண்கள் கையாலேயே மகரந்தத்தைத் தூவி வந்தார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் சையத் என்பவர் ஆப்பிரிக்காவின் கேமரூனுக்குச் சென்று, அங்கே செம்பனையில் மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறு வண்டு என்று கண்டறிந்தார். தீர ஆராய்ந்த பிறகு 1981ஆம் ஆண்டு அந்த வண்டு ஜொகூரிலும் சபாவிலும் விடப்பட்டது. குலைகள் நன்றாகக் காய்த்தன. கையால் தூவும் வேலை இல்லாமல் போயிற்று. அந்த வேலையை நம்பியிருந்தவர்களையும் நாம் மறந்துவிடக்கூடாது. அறிவியலின் ஒவ்வோர் அடிக்கும் யாரோ ஒருவர் வீட்டு அடுப்போடு தொடர்பு உண்டு.

இந்தத் தொடர்பு மருந்தடிப்பில் இன்னும் நெருக்கமானது. இலையில் விழும் மருந்து முதலில் யார்மேல் விழுகிறது? பம்பைச் சுமப்பவர்மேல். நம் தோட்டங்களில் அவர்களில் பலர் பெண்கள். களைக்கு அடித்துவந்த பாராகுவாட் என்னும் கொடிய மருந்துக்கு நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி முழுத் தடை வந்தது. தடை வேண்டும் என்ற முடிவு 2002ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்டு, இடையில் 2006ஆம் ஆண்டு தளர்த்தப்பட்டு, அதன்பிறகுதான் நிறைவேறியது. பதினெட்டு ஆண்டுகள்! மருந்தோடு வேலை செய்பவர்களுக்கு அதன் ஆபத்தைச் சொல்லிக்கொடுப்பதும் பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் கொடுப்பதும் வேலை கொடுப்பவரின் கடமை. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதைச் சொல்கின்றன. கேட்பது தவறன்று. டப்பாவில் ஒட்டியிருக்கும் தாளை வீட்டிலுள்ள பிள்ளையிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். மருந்தடித்த உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள். அந்த உடுப்பைத் தனியே துவையுங்கள்.

முடிக்கும் முன் நம் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தீப்பெட்டிக்குள் இலையை வைத்துச் சண்டைச் சிலந்தி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தான். பாடம் நடக்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நமக்குக் கோபம் வந்தது. பெட்டியைப் பிடுங்கி சன்னலுக்கு வெளியே எறிந்தோம். பையன் அழவில்லை. "டீச்சர், எறும்பு போட்டா பின்னாலே போவுது டீச்சர். கொசு போட்டாத்தான் பாயுது. மூணு நாளா பார்த்தேன்" என்றான். வாயை மூடு என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். அவன் தாயார் மருந்தடிக்கும் குழுவில் வேலை செய்தவர். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது.

மூன்று நாள் பார்த்திருக்கிறான். ஓர் இரையை மாற்றி இன்னோர் இரையைப் போட்டுப் பார்த்திருக்கிறான். கான்வே கொக்கோத் தோட்டத்தில் செய்ததும், கென்மோர் வயலில் செய்ததும் இதுதானே? அன்று நாம் சன்னலுக்கு வெளியே எறிந்தது ஒரு பிள்ளையின் முதல் ஆராய்ச்சியை. கான்வேயின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அது நமக்கு உறைத்தது. இன்று அப்பிள்ளை எங்கிருந்தாலும், அந்தக் கண் அவனிடம் இன்னும் இருக்கட்டும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பூச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரத்தை வீணாக்குகிறது என்று அதட்டாதீர்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். பூச்சியியல் படிப்பு எட்டாத உயரத்தில் இல்லை. எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களைத் தேறி, ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ முடித்தால், உயிரியலும் வேளாண்மையும் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. செர்டாங்கிலுள்ள புத்ராப் பல்கலைக்கழகம் 1931ஆம் ஆண்டு ஒரு விவசாயப் பள்ளியாகத் தொடங்கப்பட்டதுதான். தொழிலாக இல்லாமலும் படிக்கலாம். சிங்கப்பூரின் ஜோசப் கோ என்பவர் தூதராகப் பணியாற்றியவர். அவர் 1989ஆம் ஆண்டு சிங்கப்பூர்ச் சிலந்திகளைப் பற்றிப் பொதுமக்களுக்காக ஒரு கையேடு எழுதினார். ஓய்வு நேரத்தில் சிலந்தி பார்த்தவர்தான் அவரும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுப் பக்கத்தில், மருந்து படாத இடத்தில், நான்கு குச்சி நட்டு ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சதுரம் கட்டுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், கால் மணி நேரம் அதைப் பாருங்கள். ஆறு கால் உள்ளவை எத்தனை, எட்டுக் கால் உள்ளவை எத்தனை, எது எதைத் தின்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள். எதையும் கையால் தொடாதீர்கள், கொல்லாதீர்கள். பத்து வாரம் கழித்து அந்த நோட்டை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த நோட்டு உங்கள் மேசைக்கு வரும்போது தயவுசெய்து திறந்து பாருங்கள்.